ஒன்பதாம் நம்பர் பைத்தியம்

ஆறு வருஷமாக என் நாற்றங்காலில் கன்றுகள் குட்டையாக நின்றதற்கு, நான் தண்ணீர் ஊற்றும் லட்சணம்தான் காரணம் என்று மாமா பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அக்காவின் கணவராயிற்றே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்கு விதைத்தோட்டத்தில் ஒட்டுக் கட்டும் வேலை. காட்டில் தேர்ந்தெடுத்த இருபது மரங்களின் குச்சிகளை ஒட்டி, மரத்துக்கு ஒரு நம்பர் கொடுத்து, ஒரே நம்பர் பக்கம் பக்கமாக வராமல் கலந்து நடுவார்கள். அவை ஒன்றோடொன்று சேர்ந்து தரும் விதைதான் எனக்கு வரும். இருபதில் ஒன்பதாம் நம்பர் மேல் மாமாவுக்குத் தனிப் பிரியம். கம்பம் மாதிரி நேராக வளரும். அதைத் தாண்டிப் போகும்போது சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்வார்.

"என்னை ஒரு நாளாவது இப்படிப் பாத்திருக்கீங்களா?" என்பாள் அக்கா.

"நீ நேரா நில்லு, பாக்கறேன்."

இரண்டு வருஷத்துக்கு முன் விதை பரிசோதிக்கும் அதிகாரி அம்மா வந்தார். பிளேடால் விதைகளைப் பிளந்தார். பாதிக்கு மேல் வெறும் கூடு. மரங்களின் நம்பர் தகடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தவர் நின்றார்.

"ஐயா, எங்க திரும்பினாலும் ஒன்பதாவே இருக்கே?"

குட்டு வெளியே வந்தது. எந்த ஒட்டு பட்டுப்போனாலும், அந்தக் குழியில் மாமா ஒன்பதையே வைத்திருக்கிறார். முப்பது இடத்தில் நட்டாலும் அது ஒரே மரம்தானே? தன் மகரந்தத்தைத் தானே வாங்கி விதையைக் கெடுத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

"மரத்த சொல்லாதீங்கம்மா. தண்ணி ஊத்தறவன் சரியில்ல."

அந்த அம்மா சண்டை போடவில்லை. வேறு மகரந்தம் படாமல் ஒன்பதின் பூக்களுக்குப் பை கட்டச் சொன்னார். பாதிப் பூவுக்குப் பதினாலாம் நம்பர் மகரந்தம், பாதிக்கு ஒன்பதுடையதே. விதைகள் என்னிடம் வந்தன. ஒரே பாத்தி, ஒரே வாளி. பதினாலோடு சேர்ந்தது முழங்காலைத் தொட்டது. மற்றது கணுக்காலைத் தாண்டவில்லை.

மாமா பாத்தி ஓரம் குத்துக்காலிட்டு, இரண்டு வரிசையையும் சாணால் அளந்து பார்த்தார்.

"தண்ணி எப்படி மாமா?"

"பேசாம இரு மாப்ள."

ஐந்து மரத்தை மட்டும் விட்டு, மீதி ஒன்பதாம் நம்பர்களை வெட்டாவிட்டால் தோட்டத்தையே மூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. தப்பிக்கும் ஐந்துக்கு மாமாவே வெள்ளைக்கோடு போட்டார். ஆறாவதாக இன்னொரு மரத்துக்கும் போட்டார். அக்கா ஈரத்துணியால் அதைத் துடைத்தாள்.

மரங்கள் விழுந்த அன்று, காலிக் குழிகளுக்கு ஒட்டுக் கட்ட வேண்டிய குச்சிகளை இனி நானே வெட்டித் தர வேண்டும் என்று மாமா தன் கத்தியைக் கொடுத்தார்.

"ஒன்பதுல மட்டும் ஒரு குச்சி கூட எனக்குத் தராத மாப்ள. நானே வந்து கால்ல விழுந்தாலும் தராத."