ஆறு வயதுப் பையனைப் பந்து விளையாடச் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போனது

சின்னப் பிள்ளைகளைக் கால்பந்துப் பயிற்சிக்கு வெளியூர் கூட்டிப்போகலாமா, எந்த வயதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டு இந்தத் தளத்துக்கு அடிக்கடி எழுதுகிறீர்கள். இந்தக் காலத்துப் பயிற்சி முகாம்கள் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பயணம்தான். அறுபதுகளின் தொடக்கத்தில், ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, மலேயாவில் உள்ள குளுவாங்கிலிருந்து என் மகன் சேகரைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போனேன். அவனுக்கு ஆறு வயது, எனக்கு முப்பத்தொன்று. இருவரில் பொறுமை உள்ளவன் அவன்.

ஏன் போனேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து அணிக்கு சென்டர் ஹாஃப். பையன் என்னைவிடப் பெரிய ஆட்டக்காரனாக வரவேண்டும் என்று, அவனுக்கு ஐந்து வயது முடிந்த மறுவாரமே ஆரம்பித்துவிட்டேன். சனிக்கிழமைதோறும் காலை ஆறரைக்கு மைதானத்தைச் சுற்றி ஐந்து ரவுண்டு. பிறகு பெரியவர்கள் ஆடும் தோல் பந்தை உள்பாதத்தால் தட்டி என்னிடம் அனுப்பவேண்டும். பெருவிரலால் குத்தினால் விசில். கண் வேறு பக்கம் போனால் விசில். மழையில் நனைந்த தோல் பந்து எவ்வளவு கனக்கும் என்று அந்தக் காலத்தில் ஆடியவர்களுக்குத் தெரியும். பிள்ளையின் கால் சிவந்துபோகும். அதையும் பழக்கம் என்றுதான் நினைத்தேன்.

ஜூன் மாதம் ஒரு காலை அவன் பூட்ஸைக் காணவில்லை. அரிசி டின்னுக்குள்ளிருந்து என் மனைவி எடுத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து பந்தைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டான். சனிக்கிழமை விடிந்தால் வயிற்றுவலி. நான் கூடத்துக்குள் வந்தால் அவன் அடுப்படிக்குப் போய்விடுவான். பந்து போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன், பிள்ளையே என்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை செய்த என் நண்பன் ஒரு கடிதம் போட்டிருந்தான். ஃபேரர் பார்க் மைதானத்தின் ஓரத்தில் ஸ்டெல்லா என்ற பாலர் பள்ளி டீச்சர் சனிக்கிழமை சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறாள், நேரம் முடிந்தும் ஒரு பிள்ளையும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டேன் என்கிறது, வந்து பார் என்று. பொம்பளைப் பிள்ளை பந்து சொல்லிக்கொடுப்பதா என்று முதலில் சிரித்தேன். இரண்டு வாரம் கழித்து டிக்கெட் எடுத்தேன்.

குளுவாங்கில் காலை 6.10 ரயில். மூன்றாம் வகுப்பில் எனக்கு இரண்டு வெள்ளி, அதாவது டாலர், எண்பது காசு, பையனுக்கு அரை டிக்கெட் ஒரு வெள்ளி நாற்பது. சுமார் எழுபது மைல். வழியில் இரண்டு இடத்தில் ரயில் காரணமில்லாமல் நின்றது. எனக்கு உட்கார முடியவில்லை. கதவுக்குப் போவதும் வருவதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன். ஜன்னலோரத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த சேகர் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"ஏன்பா எந்திரிச்சு எந்திரிச்சுப் போறீங்க? ரயில் நம்மள விட்டுட்டுப் போயிடாது."

தஞ்சோங் பகார் நிலையத்தில் 9.25க்கு இறங்கினோம். அங்கிருந்து சிராங்கூன் ரோடு மூன்று மைலுக்குள்தான், பஸ்ஸுக்குப் பதினைந்து காசு. தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இறங்கி ஆளுக்கு இரண்டு தோசை. பயிற்சியோ நாலரை மணிக்கு. ஆறு மணி நேரத்தை என்ன செய்வது? சிராங்கூன் ரோட்டை மேலும் கீழுமாக மூன்று தடவை நடந்தோம். பையன் கால் வலிக்கிறது என்றபோதுதான் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தேன். இங்கே என் முதல் தப்பு: எங்கே போகிறோம் என்று அவனிடம் சொல்லவேயில்லை. "சும்மா ஊர் சுத்திப் பாக்கத்தான்" என்று சொல்லிவைத்திருந்தேன்.

மார்க்கெட்டிலிருந்து ரேஸ் கோர்ஸ் ரோட்டைப் பிடித்து நடந்தால் மைதானம் இருபது நிமிடம். சின்னப் பையன் நடைக்கு அரை மணி. நாலு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். புல்தரையில் பந்துகள் கிடந்ததைப் பார்த்ததும் சேகர் அப்படியே நின்றுவிட்டான். என் கையிலிருந்து அவன் விரலை மெதுவாக உருவிக்கொண்டான். பொய் சொன்ன நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

ஸ்டெல்லா டீச்சருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கவுன், கான்வாஸ் சப்பாத்து, கழுத்தில் சின்னச் சிலுவை. நான் என் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் பையனின் முகத்தைப் பார்த்தாள், அதிலேயே முழுக்கதையும் தெரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

"சார், நீங்க அந்த மரத்தடியில உக்காருங்க. ஒரு மணி நேரம் பேசக்கூடாது. கைகூடத் தட்ட வேண்டாம்."

"அவன் விளையாட மாட்டேன்னு சொன்னா, டீச்சர்?"

"பரவாயில்ல லா. பாத்துக்கிட்டு இருக்கட்டும். அதுவும் கிளாஸ்தான்."

இருபத்துநாலு பிள்ளைகள். எல்லாம் ஐந்து, ஆறு வயது. ஆளுக்கு ஒரு பந்து. சிலது பம்ளிமாஸ் அளவு ரப்பர் பந்து, சிலது செய்தித்தாளைச் சுருட்டித் துணி சுற்றிக் கட்டியது. வரிசை கிடையாது, ரவுண்டு கிடையாது. தையல் கடையில் வாங்கி வந்த துணிக் கிழிசலை ஒவ்வொரு பிள்ளையின் கால்சட்டையிலும் பின்னால் வாலாகச் செருகிவிட்டாள். பந்தைக் காலோடு கொண்டுபோகவேண்டும், தன் வாலைக் காப்பாற்றிக்கொண்டு அடுத்தவன் வாலைப் பிடுங்கவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஒரு பிள்ளை நடுவில் உட்கார்ந்து எறும்பு பார்த்தது. அவள் கண்டுகொள்ளவில்லை. என் கால் தன்னால் ஆடிக்கொண்டிருந்தது.

தண்ணீர் குடிக்க விட்டபோது என் பக்கம் வந்தாள். "பாஸ் சொல்லிக்கொடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அஞ்சு வயசுப் பிள்ளைகிட்டயா? கையில இருக்கிற மிட்டாயை உடனே அடுத்தவனுக்குக் குடுன்னு சொல்ற மாதிரி சார் அது. முதல்ல பந்து அவனோடதா இருக்கட்டும். ஏழு எட்டு வயசுல ரெண்டு ரெண்டு பேரா விடுவேன். ஒம்பது பத்துல நாலுக்கு நாலு, சிலிப்பர வெச்சு சின்ன கோல். பதினொரு பேர் ஆட்டமெல்லாம் அவசரமே இல்ல."

திரும்பிப் பார்த்தால், அதுவரை புல்லோரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த சேகர் எழுந்து நிற்கிறான். அவன் கால்சட்டையில் ஒரு மஞ்சள் வால். யார் செருகினார்கள் என்று தெரியவில்லை. பந்து ஒன்றைக் காலால் இழுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தான். ஒரு பெண் பிள்ளை வாலுக்குக் கை நீட்டினாள், அவன் சட்டென்று வளைந்து தப்பினான். வாய்விட்டுச் சிரித்தான். இரண்டு மாதமாக வீட்டில் கேட்காத சிரிப்பு. அப்போதுதான் பார்த்தேன், பந்தைப் பெருவிரலால் குத்துகிறான்.

ஐயா, கை பழகிய வேலை. அதற்கு மூளை தேவையில்லை. சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தேன், நிறுத்திச் சரியாகக் காட்டிக்கொடுத்துவிட்டால் பிள்ளை இன்னும் நன்றாக ஆடுவானே என்று. ஊதினேன்.

அடுத்து நடந்ததை எப்படிச் சொல்வது? இருபத்துநாலு பிள்ளைகளும் ஆளுக்கொரு பந்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நாலு திசையிலும் பறந்தார்கள். "ஜாகா! ஜாகா!" என்று கத்தல். ஒரு நிமிடத்தில் மைதானத்தில் நானும் டீச்சரும் இரண்டு வால்களும்தான் மிச்சம். பெரியவர்கள் கிளப் ஒன்று தன் ஆடுகளத்தைக் காக்க ஒரு ஜாகாவை, காவல்காரரை, வைத்திருந்ததாம். அவர் விசில் ஊதினால் பந்துகளைப் பிடுங்கிக்கொள்வாராம். அதனால் அங்கே விசில் கேட்டால் ஓடு என்பதுதான் பிள்ளைகளின் சட்டம். புதிதாக வந்த சேகரும் கூட்டத்தோடு ஓடிவிட்டான்.

"யார் சார் உங்கள ஊதச் சொன்னா?" டீச்சர் முகம் சிவந்துவிட்டது. "பெரிய ரோடு இருக்கு, கால்வா இருக்கு. புதுப் பிள்ளைக்கு எந்த வழின்னு தெரியுமா?"

அப்போது மணி ஐந்து ஐந்து. உள்ளூர்ப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் ஒவ்வொருவராகத் தலைகாட்டினார்கள். டீச்சர் எண்ணினாள். நாலு பேர் குறைந்தார்கள். என் பையனும் அதில் ஒருவன். நான் ஓடினேன். ரேஸ் கோர்ஸ் ரோடு முழுக்கச் சேகர், சேகர் என்று கத்திக்கொண்டு ஓடினேன். கால்வாய்ப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஊருக்குப் போய் அவன் அம்மாவிடம் என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. மார்க்கெட் பக்கம் தலையில் தட்டு வைத்துக் கச்சாங் பூத்தே விற்றுக்கொண்டிருந்த ஒருவரை நிறுத்திக் கேட்டேன். வறுத்த கடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"நாலு பசங்க பந்தோட போனாங்க தம்பி. ஆளுக்கொரு வாலு வேற. அந்த வெங்காயக் கடை பின் சந்துல பாருங்க."

சந்தில் ஆள் உயரத்துக்கு வெங்காய மூட்டை. மறுபடி கத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. பின்னாலேயே மூச்சு வாங்க வந்த டீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கத்தாதீங்க சார். ஆம்பளக் குரல் கேட்டா ஜாகான்னு நெனச்சு இன்னும் உள்ள போவாங்க."

கையிலிருந்த ரப்பர் பந்தை என்னிடம் நீட்டினாள். மூட்டைகளுக்கு நடுவில் ஓர் இடைவெளி. குனிந்து அதற்குள் உருட்டிவிட்டேன். பந்து இருட்டுக்குள் போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அது கோணலாக, துள்ளித் துள்ளி, திரும்பி வந்தது. பெருவிரலால் குத்திய பந்து. ஆயிரம் பந்தில் அந்தக் குத்தை நான் கண்டுபிடிப்பேன். மறுபடி உருட்டினேன், மறுபடி வந்தது. அப்படி நாலைந்து தடவை. என் கண்ணில் தண்ணீர் கொட்டியது, வெங்காயத்தால் அல்ல.

மூட்டைக்கு மேலே சேகரின் தலை தெரிந்தது. முகமெல்லாம் தூசி, கண்ணெல்லாம் குதூகலம். அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று தலை.

"பா, ஊதுன ஆளு போயிட்டாரா?"

டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"போயிட்டாரு லா," என்றாள் அவள். "இனிமே வரமாட்டாரு. இல்லையா சார்?"

"வரமாட்டாரு," என்றேன்.

அப்போது மணி ஆறு பத்து. ரயில் ஏழரைக்கு. நேராகக் கிளம்பினால் பிடித்திருக்கலாம். "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்பா" என்றான் சேகர். மைதானத்துக்குத் திரும்பி நடந்தோம். பொழுது சாயும்வரை ஆடினான். எனக்கும் ஒரு வால் செருகிவிட்டார்கள். ஆறு தடவை பறிகொடுத்தேன். ரயில் போய்விட்டது. வாழ்க்கையில் நான் தவறவிட்ட முதல் ரயில் அது. நண்பன் வீட்டில் படுத்து மறுநாள் காலை ஊர் திரும்பினோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. அந்த ரயில் நிலையம் இப்போது இயங்கவில்லை, நான் கொடுத்த கட்டணங்களை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். எங்கே போகிறோம் என்று பிள்ளையிடம் முன்னாலேயே சொல்லுங்கள். பயிற்சி நேரத்துக்கு ஒரு மணி முன்பு போய்ச் சேர்ந்தால் போதும், அதற்கு மேல் காத்திருந்தால் உங்கள் அவசரம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றே திரும்புகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். சின்னக் காலுக்குச் சின்னப் பந்து. நல்ல பயிற்சி எது என்று பார்க்க ஒரு வழிதான் உண்டு: எத்தனை பிள்ளைகள் வரிசையில் சும்மா நிற்கிறார்கள் என்று பாருங்கள், நிறையப் பேர் நின்றால் அடுத்த இடம் தேடுங்கள். உங்களை மரத்தடியில் உட்காரச் சொன்னால் உட்காருங்கள். எனக்கு அது இன்றைக்கும் கஷ்டம்தான்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. நான் பேனாவால் எழுதுவதைத் தட்டச்சு செய்து இந்தத் தளத்தில் போடுபவன் சேகர். ஐம்பதைத் தாண்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறான். ஜாகாவை ஏமாற்றி வெங்காய மூட்டைக்குப் பின்னால் ஒளிந்த கதையை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுவான், நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். இத்தனை வருடமும் அப்படித்தான் தலையாட்டியிருக்கிறேன். மேலே அந்த இடம் வந்தபோதே தட்டச்சு செய்யும் கை நின்றிருக்கும். ஆமாம் தம்பி, அன்றைக்கு ஜாகா வரவேயில்லை, ஊதியவன் நான்தான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள், இந்த வரியை மட்டும் வெட்டிவிடாதே.