இடுப்பளவுச் சுவர்

முதலில் மீன்கூடை. அதைச் சுவர்மேல் ஏற்றி ஒரு கையால் பிடித்துக்கொள்வார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகி, சுவரில் பக்கவாட்டாக ஏறி உட்கார்ந்து, ஒரு காலைத் தெருப்பக்கம் போடுவார். அடுத்த காலைத் தூக்கும்போது முட்டி பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் தினமும் ஒரு வசவு. யாருக்கான வசவு என்று எங்கள் பொழிச்சலூர்த் தெருவில் எல்லோருக்கும் தெரியும். உரியவர் பக்கத்து வீட்டு மாடியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

தனக்கோடி அக்காவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. கோவளத்துப் பக்கம் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். கணவர் இறந்த பிறகு பம்மல் மார்க்கெட் வாசலில் மீன் விற்று, மகள் புஷ்பலதாவைக் கட்டிக்கொடுத்தார். தலைக்கு மேலே விமானம் போனால் பேச்சைப் பாதிச் சொல்லில் நிறுத்துவார். சத்தம் அடங்கியதும் மீதிச் சொல்லிலிருந்து தொடங்குவார். கோர்ட்டுக்குப் போகும் நாளில் மட்டும் மீனைத் தொடமாட்டார். ஒருமுறை எதிர்த்தரப்பு வக்கீல் அவரைப் பார்த்துக் கைக்குட்டையை மூக்கில் வைத்தாராம். "மீன் துன்ற வாய்தான சார் அது? அன்னிக்கி மட்டும் நாறுதா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்.

தெருவிலிருந்து அவர் வீட்டுக்குப் போக ஒரே ஒரு சந்துதான். 2004இல் சந்தின் முன்னால் இருந்த மனையை வாங்கி வீடு கட்டிய பக்தவச்சலம், மனை புரோக்கர், சந்தும் தன் மனையில் சேர்ந்தது என்று சொல்லிக் குறுக்கே ஹாலோ பிளாக் சுவர் எழுப்பத் தொடங்கினார். அக்கா வக்கீல் வேதசிரோமணியைப் பிடித்து முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். வழக்கு முடியும்வரை இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று இடைக்கால உத்தரவு கிடைத்தது. உத்தரவு வந்த அன்று சுவர் அக்காவின் இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தது. அதனால் அந்த இடுப்பளவுச் சுவரும் இருந்தபடியே இருந்துவிட்டது. அவர் அதை உயர்த்தக் கூடாது. இவர் இடிக்கக் கூடாது.

அந்த உத்தரவை எதிர்த்து பக்தவச்சலம் மேல்கோர்ட்டுக்கு அப்பீல் போனார். அப்பீல் வாய்தாவில் கிடக்கும்போதே, முன்சீப் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் அக்கா ஏற வேண்டிய வாரம் பார்த்து, இந்தக் கோர்ட்டில் தனக்கு நியாயம் கிடைக்காது என்று இன்னொரு மனு. வழக்கு வேறு ஊர்க் கோர்ட்டுக்கு மாற்றப்பட்டது. வழக்குக் காகிதக் கட்டு போய்ச் சேரவே மாதங்கள் ஆயின. அங்கே மறுபடியும் முதலிலிருந்து வாய்தா. சட்டத்தில் இருக்கிற எல்லாக் கதவையும் தட்டுவது அவர் உரிமை என்கிறார்கள். சரி, சுவர் ஏறிக் குதிப்பவருக்கு என்ன உரிமை?

"பாதை யாருதுன்னு இன்னிவரைக்கும் ஒருத்தர் கேக்கல சார்," என்பார் அக்கா. "இருக்கிறது இருக்கட்டுமா, எந்த ஊர்ல வச்சிக் கேக்கலாம், அதான் பேசிகினே கீறாங்க."

தெருப் பையன்கள் கடப்பாரையோடு வந்து நின்றதுண்டு. அக்கா விரட்டிவிட்டார். "ஆர்டர் வாங்கினவ நானு. நானே ஒட்சா என்னத்தான புட்சிகினு போவாங்க?"

இந்த வருஷம் புஷ்பலதா உண்டானாள். வளைகாப்பு முடிந்தால் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். வயிற்றுப் பிள்ளையோடு சுவர் ஏற முடியுமா? ஒரு ஆள் போகிற அளவுக்கு இடைவெளி விடச் சொல்லி வேதசிரோமணி மனுப் போட்டார். வழக்கு மாறிப்போன கோர்ட்டில், உத்தரவு அப்பீலில் இருக்கிறது, இப்போது நான் கைவைக்க முடியாது என்றார்கள். அப்பீல் கோர்ட்டில், உத்தரவு சரியா தப்பா என்பது மட்டுமே என்முன் உள்ள கேள்வி, புதிதாக எது வேண்டுமானாலும் கீழே கேளுங்கள் என்றார்கள். இரண்டு பதிலும் சட்டப்படி சரியாம். வேதசிரோமணியே சொன்னார். அன்று அவர் பேசி முடிக்கும்முன் அக்கா பஸ் ஏறிவிட்டார்.

போன மாதம் அப்பீல் தள்ளுபடியானது. வேதசிரோமணி போன் போட்டு, "ஜெயிச்சுட்டோம்மா!" என்றார்.

"அப்ப சொவுரு?"

"அது அப்படியேதான் இருக்கும். உத்தரவு உறுதியாயிடுச்சில்ல? இனிமே இடைவெளிக்குக் கீழ்க்கோர்ட்ல புது மனு போடலாம். ஆனா அவங்க ஹைகோர்ட்டுக்குப் போகப் போறாங்களாம்."

அக்கா போனை என் கையில் கொடுத்துவிட்டார். "ஜெயிச்சதுக்கே இப்டின்னா, தோத்துருந்தா இன்னா சார் பண்ணுவாங்க?" அவர் கண்ணில் தண்ணீர் வந்து அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு புஷ்பலதா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். பெண்கள் நாலு பேர் சேர்ந்து தூக்கிச் சுவரைத் தாண்ட வைக்கலாம் என்று பேச்சு. அவள் சுவரைப் பார்த்து மிரண்டு நின்றாள். அப்போது பக்தவச்சலம் தன் வீட்டு கேட்டை அகலத் திறந்தார்.

"உள்ள வாம்மா. என் வீட்டு வழியா வந்து பின்பக்கமா இறங்கிப் போங்க. கேஸ் கேஸா இருக்கட்டும். மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

கூடியிருந்தவர்கள் முகம் மலர்ந்தது. எனக்கும்தான், ஒரு நிமிஷம்.

"அம்மா, கால் கடுக்குதும்மா. ஒரு வாட்டி போய்ட்டா இன்னா?" என்றாள் புஷ்பலதா.

"மேல பாரு," என்றார் அக்கா.

மாடியில் பக்தவச்சலத்தின் மச்சினர் டிஜிட்டல் கேமராவைக் கண்ணில் வைத்தபடி நின்றிருந்தார்.

"இன்னிக்கி நீ இதுல பூந்து போனா, நாளைக்கி அந்தப் படம் கோர்ட்டுல நிக்கும்டி. எப்பவும் என்னாண்ட பெர்மிசன் கேட்டுத்தான் வந்துகினு கீறாங்கன்னு சொல்லுவான். பாதை நம்பளுது. இவன் இன்னாத்தக் குடுக்கிறது?"

பக்தவச்சலம் சிரித்தபடியே நின்றார். புஷ்பலதா அழத் தொடங்கினாள். அக்கா அவள் தோளை அணைத்து மறுபடி ஆட்டோவில் உட்கார வைத்தார். பம்மலில் அக்காவின் நாத்தனார் வீடு இருந்தது. இரண்டு பிள்ளைகள் படிக்கிற ஒற்றை அறை. "அங்க வுடுப்பா," என்று டிரைவரிடம் சொன்னார்.

பிறகு அவர் மட்டும் திரும்பி நடந்து வந்தார். பக்தவச்சலத்தின் முகத்துக்கு நேராக, திறந்திருந்த கேட்டின் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தி, கம்பிக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளைப் போட்டார்.