சத்தமில்லாத வண்டியும் பொங்காத மாவும்

பழைய டீசல் பிக்கப்பைக் கொடுத்துவிட்டு மின்சாரப் பிக்கப் வாங்கிய புதிதில், பார்க்கிறவர்களிடமெல்லாம் அதன் பெருமையைப் பேசிப் பேசி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. புகை இல்லை. நாற்றம் இல்லை. கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்காலில் வந்த வலி பத்தே நாளில் போயிற்று. மட்டாஞ்சேரிச் சந்துகளில் முன்பெல்லாம் என் வண்டி திரும்பும்போதே வசவு கேட்கும். இப்போது ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. வண்டி வந்ததே தெரிந்தால்தானே! ஆடுகள்கூட நகர்வதில்லை. நான் இறங்கிப் போய்க் கையால் தள்ளினால்தான் எழுந்திருக்கும்.

நாங்கள் தோசை மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவர்கள். காலை பத்து மணிக்கு என் மனைவி கிரைண்டரைப் போடுவாள். மதியம் நான் மாவு கேன்களை ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். முதலில் பள்ளுருத்தியில் ஒரு சாயாக்கடை, பிறகு வெலிங்டன் தீவில் ஒரு கேன்டீன், கடைசியாகத் திருப்பூணித்துறையில் ஒரு ஹோட்டல். எங்கள் மாவில் பாதிக்கு மேல் அந்த ஹோட்டலுக்குத்தான் போகும். வீட்டு லைனில் கிரைண்டரும் வண்டியின் சார்ஜரும் ஒன்றாக ஓடினால் ஃபியூஸ் போய்விடும். ஆகவே காலை பத்து வரை கரண்ட் வண்டிக்கு, அதன்பின் கிரைண்டருக்கு என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்.

இனி கெட்டதைச் சொல்கிறேன். புது வண்டியில் மனைவி பேசுவது கேட்கிறது.

சந்தைக்குப் போகும்போதெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பதினெட்டு வருடமாக அவள் பேசிக்கொண்டுதான் வந்திருக்கிறாள். டீசல் இரைச்சலில் எனக்கு ஒரு வார்த்தை விழுந்ததில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டி வைப்பேன். குடும்பம் நன்றாகவே நடந்தது. புது வண்டியில் ஏறிய முதல் நாளே, "எங்க அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போகணுமா, வேணாமா?" என்றாள். நான் தலையாட்டினேன். "எதுக்குங்க தலையாட்டறீங்க? போகவா, வேணாமா?" என்று என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். எனக்கு வியர்த்துவிட்டது.

அதைக்கூடச் சமாளித்திருப்பேன். மழை தொடங்கியதும் திருப்பூணித்துறையிலிருந்து புகார் வந்தது. அந்த ஹோட்டலை நடத்தும் மலையாளிச் சேட்டன் என் மனைவியை அதுவரை பார்த்ததே இல்லை, ஆனால் கேனைத் திறக்கும்போதெல்லாம், "சேச்சியுடெ கைப்புண்ணியம்!" என்று அவளுடைய கைமணத்தைப் புகழாமல் இருக்கமாட்டார். நான் அதை வீட்டில் வந்து சொல்வேன். அன்றைக்கெல்லாம் என் தட்டில் ஒரு தோசை கூடுதலாக விழும். அதே மனிதர் இப்போது முகத்தைச் சுளித்தார்.

"அண்ணாச்சி, மாவு பொங்குன்னில்லல்லோ. சேச்சியுடெ கைப்புண்ணியம் எவிடே போயி?"

ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன், அதற்குள் சரியாகாவிட்டால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வேன் என்றார். அந்த ஹோட்டல் போனால் எங்கள் பிழைப்பில் பாதி போய்விடும். நான் நேராக வீட்டுக்கு வந்து உளுந்தைக் குறை சொன்னேன்.

"உளுந்து மாறல, அரிசி மாறல, நானும் மாறல," என்றாள் மனைவி. "இந்த வீட்டுல மாறினது உங்க வண்டி ஒண்ணுதான்."

"வண்டியா மாவு அரைக்குது?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் அவளும் கூடவே கிளம்பிவிட்டாள். பள்ளுருத்தி சாயாக்கடைக்காரி தமிழ்ப் பெண். மாவில் ஏதும் வித்தியாசம் உண்டா என்று கேட்டோம். "எப்பவும் போலத்தான். உங்க மாவு என்னைக்கு இங்க வரும்போதே பொங்கியிருக்கு? ராத்திரிக்குத்தான் சரியாகும்," என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள். பள்ளுருத்திக்கு ருசி தெரியாது, திருப்பூணித்துறை ராஜா இருந்த ஊர், அதனால்தான் அங்கே அருமை தெரிகிறது என்று நாங்கள் இத்தனை வருடம் பேசிக்கொண்டிருந்தோம்.

திருப்பூணித்துறையில் கேனை இறக்க மனைவி வண்டியின் பின்னால் ஏறினாள். கேன்கள் நின்ற தகட்டில் உள்ளங்கையை வைத்தாள்.

"இது ஏங்க சில்லுனு இருக்கு?"

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பழைய வண்டியில் எஞ்சின் எங்கள் இருக்கைக்கு அடியில். அதற்குப் பின்னால் உள்ள தகடு, வெறுங்கால் வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். கடைசியாக இறக்க வேண்டியது என்பதால் ஹோட்டல் கேன்கள்தான் எப்போதும் அந்த இடத்தில் இருக்கும். ஊரெல்லாம் சுற்றி முடிப்பதற்குள் அந்தச் சூட்டில் மாவு பொங்கிவிடும். புது வண்டியில் மழை வரும்வரை அந்த வேலையை வெயில் செய்திருக்கிறது. பள்ளுருத்தி கேன் கதவோரத்தில் நின்று, சூடு ஏறுமுன்னே இறங்கிவிடும்.

"அப்ப பொங்க வச்சது எஞ்சின்தான்! உன் கை இல்ல!" என்று நான் நடுத்தெருவில் கத்தினேன். கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு. அவள் முகம் விழுந்துபோனதைச் சற்றுப் பிந்தித்தான் கவனித்தேன்.

திரும்பும் வழியில் அவள் பேசவில்லை. பழைய வண்டியாக இருந்தால் அதுவும் எனக்குத் தெரிந்திருக்காது. பாலத்தில் ஏறும்போது மெல்லச் சொன்னாள்: "அப்ப பதினெட்டு வருஷமா அவர் புகழ்ந்தது என்னை இல்ல. உங்க டீசல் வண்டியை."

பழக்கதோஷம், என் தலை தானாக ஆடிவிட்டது.

அதற்குப் பிறகு ஞாயிறு வரை அவள் என்னிடம் பேசவில்லை. தோசையும் எண்ணித்தான் விழுந்தது. எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஹோட்டல் போய்விடுமோ என்ற பயத்தைவிட அதுதான் அதிகம் உறுத்தியது. ஞாயிறு காலை ஏழு மணிக்கே, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், வண்டியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கிரைண்டரைப் போட்டாள். மாவுக்கு மூன்று மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. கேன்களைப் பழைய கம்பளியில் சுற்றி அவளே ஏற்றி, அவளே வந்து முன்னால் உட்கார்ந்தாள்.

ஹோட்டலில் சேட்டன் மூடியைத் திறந்தார். மாவு விளிம்பு வரை பொங்கி நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தவர், பக்கத்தில் நின்ற என் மனைவியைப் பார்த்துக் கும்பிட்டே விட்டார்.

"இதாணு சேச்சி, கைப்புண்ணியம்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

வண்டியில் அரைகுறைச் சார்ஜ். வீடு போய்ச் சேர வேண்டுமே என்று உருட்டிக்கொண்டு வந்தேன். சைக்கிள்காரர்கள்கூட எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"யாரோ ஒரு ஆளு சொல்லிட்டாரு," என்றாள். "நீங்க ஒரு நாளாவது மாவு நல்லாருக்குன்னு சொல்லியிருக்கீங்களா?"

"எத்தனையோ தடவை சொன்னேனே. டீசல் சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது."

என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இப்பத்தான் சத்தமே இல்லையே. சொல்லுங்க."

நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஓரமாக நிறுத்தினேன். "நல்லாருக்கு. உன் மாவு எப்பவுமே நல்லாத்தான் இருக்கும்," என்றேன்.

வண்டியில் ஓர் ஓசை இல்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "கேக்கல," என்றாள்.