அப்பா காரைக் கவிழ்த்தார்

எங்கள் பழைய காரின் அடித்தகடு துருப்பிடித்துவிட்டது. கீழே படுத்துக்கொண்டு வெல்டிங் வைக்க முடியாதென்று, காரின் வெறும் கூட்டை இரண்டு இரும்புக் கால்களுக்கு நடுவே மாட்டி, கோழி சுடுவதுபோலத் திருப்ப அப்பா வழி செய்திருக்கிறார். திருப்பும் அச்சு, தவளக்குப்பத்தில் மலிவாகக் கிடைத்த மாட்டுவண்டி அச்சு.

அது முறிந்தால் கூடு அப்பா மேல்தான் சாயும்.

இன்று அம்மா பூஜை போட்டதும் அப்பா திருப்பினார். பாதியில் சடசடவென்று ஏதோ கொட்டியது. "அப்பா!" என்று அலறிவிட்டேன்.

காருக்குள் படைத்த பொரியை யாருமே எடுக்கவில்லை. அப்பா தலையெல்லாம் பொரி.

"ஏண்டி, படைச்சத எடுக்க மாட்டியா?"

"கவுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றாள் அம்மா.

நாளை வெல்டிங். நான் பக்கத்தில் இருந்தாக வேண்டும். தோழிகளே, டீச்சர் நம்புகிற மாதிரி ஒரு காய்ச்சல் சொல்லுங்களேன்.