சுவரோரத்து வாசகர்

பாளையங்கோட்டை நூலகத்தில் அவர் சுவரில் முதுகை ஒட்டித்தான் உட்காருவார். கதவு சத்தம் கேட்டால் உடனே தலை நிமிரும். காதிலிருந்து தாடை வரை அரிவாள் வெட்டுத் தழும்பு.

கல்லூரி வகுப்புக்காக நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பழைய நாவல்களையும் அவர் படித்திருந்தார். இரண்டிலும் வாய்க்கால் தகராறில் ஒருவனை வெட்டிச் சாய்க்கிறார்கள். ஒன்றில் வெட்டியவன் கதை சொல்கிறான், மற்றதில் செத்தவனின் மனைவி சொல்கிறாள்.

“வெட்டுனவன் கதையில ரத்தம் ஒரே வரியில காஞ்சிருது வே. அவ கதையில கடைசி வரைக்கும் கழுவிக்கிட்டே இருக்கா.”

“செத்தவனே சொல்லுத மாதிரி எழுதியிருக்கலாம், அண்ணாச்சி” என்றேன்.

“என்கிட்டயும் ஒருத்தன் என்னமோ சொல்ல வாயைத் தொறந்தான். அதுக்குள்ள அருவாள எறக்கிட்டேன்.”

பிறகு அந்த மனைவியின் நாவலை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார், எத்தனையாவது தடவையோ.