டிஸ்க் தராத லேப்டாப்பும் அய்யாவின் குரலும்

சென்ற மாதம் பாம்பனில் எங்கள் லேப்டாப் கறுத்த திரையோடு நின்றுவிட்டது. என்னைப் பெற்று, இறந்துபோன அய்யா பேசும் வீடியோ அதில் இருந்தது. என்னிடம் வேறு பிரதி இல்லை. லேப்டாப்பை மீட்டெடுக்கும் ரெக்கவரி சி.டி. தேடி, லேப்டாப் வந்த பெட்டியைக் கவிழ்த்தேன். பிறகு, கருவாட்டுக்கு மேல் காக்கை விரட்டத் தொங்கவிட்ட சி.டி.க்களையும் அவிழ்த்துப் பார்த்தேன்.

"இப்பல்லாம் சி.டி. தாரதில்லைங்க. எல்லாம் லேப்டாப்புக்குள்ளயே இருக்குமாம்," என்றாள் மனைவி.

ஏதேதோ பொத்தான்களை அழுத்தி, உள்ளே இருந்த ரெக்கவரியைத் தேடிப் பிடித்து, எதையும் படிக்காமல் 'சரி, சரி' என்று அழுத்தினேன். காற்று நின்று, மதியத்தெரு ஓசையின்றிக் கிடந்தது. திரை வெளுத்தது. அறியாத பெண்குரல் ஒன்று ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னது. திரையில் என் பெயரைக் கேட்டார்கள். லேப்டாப் என்னையே மறந்துவிட்டது!

"எல்லாம் அழிஞ்சிருச்சே! அய்யா போயிட்டாரே!" என்று கத்தினேன்.

உடனே அடுப்படியிலிருந்து அய்யாவின் குரல்: "ஏலே, யார்ட்ட பேசிக்கிட்டிருக்க? இங்கன வா."

நான் அங்கன போகவில்லை. செருப்பில்லாமல் தெருவில் நின்றேன். மனைவி போனோடு வந்தாள்.

"மாமா வீடியோ என் போன்லயும் இருக்கு. அழுவுறீகளேன்னு போட்டேன். பெத்த அய்யாவுக்கே இந்த ஓட்டமா?"

இப்போது ரெக்கவரியைப் பென்டிரைவில் எடுத்துவைத்திருக்கிறேன். அய்யாவை மூன்று இடத்தில் சேமித்திருக்கிறேன். அந்த வீடியோவைப் போடுமுன் சொல்லிவிட்டுப் போடு என்று மனைவியிடம் கெஞ்சுகிறேன், அவளோ சிரிக்கிறாள்.