பர்மாவிலிருந்து வந்த துணி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் பம்ப் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், நாள் முழுக்க இரும்போடு புழங்குகிறவனுக்கு அந்த மாதிரிச் சமாச்சாரமெல்லாம் மண்டையில் ஏறாது. நீங்கள் நம்புவீர்களா என்று தெரியவில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. போர்க்களத்துக்குப் போய்வந்த கொடிகளைச் சேர்ப்பது. படைப்பிரிவுக் கொடிகள், கப்பல் கொடிகள், புகை படிந்தவை, ஓட்டை விழுந்தவை என்று மாடி அறை முழுக்கக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி வைத்திருந்தேன். எங்கள் ஒரே பையன் ஜெரின் அவற்றைப் பார்த்து வளர்ந்தவன், எது எந்தச் சண்டையில் இருந்தது என்று என்னைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தவன், படிப்பு முடிந்ததும் ராணுவத்தில் சேர்ந்தான். வடக்கே எல்லையில் ஒரு பனிச்சரிவில் போய்விட்டான். பெட்டிமேல் போர்த்தி வந்த தேசியக்கொடியைக் கல்லறைத் தோட்டத்தில் மடித்து என் கையில் கொடுத்தார்கள்.

நான் அழவில்லை. அழக்கூடாது என்றில்லை, வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன், பாதருக்குக் கார் சொன்னேன், அந்தக் கொடியின் மடிப்பு கலையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் என் மனைவி ஸ்டெல்லா, “உங்களுக்கு இன்னொரு கொடி சேர்ந்துருச்சுங்க” என்றாள். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு சோறு போடட்டுமா, கேஸ் வந்ததா என்பதைத் தவிர அவள் என்னிடம் எதுவும் பேசவில்லை. நானும் மாடி அறையைப் பூட்டிவிட்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும், தாராபுரத்திலிருந்து பழனிசாமி என்று ஒருவர் போன் செய்தார். அவருடைய பெரியப்பா இரண்டாம் உலகப்போரில் பர்மா சண்டைக்குப் போனவராம், வீட்டை இடிக்கும்போது அவருடைய ட்ரங்குப் பெட்டியில் ஒரு துணி கிடைத்ததாம்.

“ஜப்பான்காரன் கொடியாட்ட இருக்குதுங்க. இத ஊட்டுல வச்சுக்க எங்கம்மாவுக்கு மனசு ஒப்பலீங்க. நீங்க வந்து எடுத்துக்கிட்டீங்கன்னா நல்லாருக்குமுங்க.”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், ஆனால் மறுநாள் காலையில் பஸ் ஏறியிருந்தேன், ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வெள்ளைத் துணி, நடுவில் சிவப்பு வட்டம், அதைச் சுற்றிக் கறுப்பு மையில் எழுத்துகள். அந்தக் காலத்தில் ஜப்பானில் பையனைச் சண்டைக்கு அனுப்பும்போது வீட்டார், நண்பர்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் இப்படி ஒரு கொடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள், அவனும் அதை உடம்போடு வைத்துக்கொள்வான். அது நம் கைக்கு வந்திருக்கிறதென்றால் பெரும்பாலும் பையன் வீடு திரும்பவில்லை என்று அர்த்தம்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். வாசல் கிரில்லை வழக்கம்போல உள்பக்கம் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, துணியைச் சாப்பாட்டு மேஜையில் காற்றாட விரித்தேன். ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். “சண்டையில செத்த ஒரு பையனோடது” என்றேன். நான் குளிக்கப் போனேன்.

தண்ணீரை நிறுத்தியபோது வெளியே ஓர் ஆண் அழுகிற சத்தம் கேட்டது. சும்மா விசும்பல் இல்லை, அடிவயிற்றிலிருந்து வருகிற அழுகை. நடுநடுவே ஒரு பெண்குரல், எனக்குப் புரியாத பாஷையில், மெதுவாக, சமாதானப்படுத்துவதுபோல. பக்கத்து வீட்டு டிவி என்று நினைத்துத் தலையைத் துவட்டினேன், ஆனால் அந்த அழுகிற குரல் மட்டும் எங்கேயோ கேட்டதுபோலவே இருந்தது.

துண்டோடு வெளியே வந்தேன். ஸ்டெல்லா மேஜையருகே உட்கார்ந்திருந்தாள், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. மேஜைமேல் பாதி குடித்த டீ டம்ளர் ஒன்று.

“ஏனுங்க, அதுக்குள்ள குளிச்சுப்போட்டீங்களா? அந்தம்மா போயிட்டாங்களா?”

“எந்தம்மா?”

“வாசல்ல நின்னு பேசிட்டிருந்தீங்கல்லோ, அவங்கதானுங்க. நீங்கதானே கதவத் தொறந்து கூட்டிட்டு வந்தீங்க. இந்தத் துணிய எப்படித் தடவித் தடவிப் பார்த்தாங்க. ஒரு பேச்சும் புரியல, ஆனா பையனப் பறிகுடுத்தவங்கன்னு பார்த்ததுமே தெரிஞ்சுருச்சுங்க.” என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க அவங்க தோள்ல சாஞ்சு அழுததப் பார்த்தேனுங்க. இத்தன நாளா உங்களத் தப்பா நெனச்சுப்போட்டேன்.”

கிரில்லில் பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி குளியலறைக் கொக்கியில் தொங்கிய என் சட்டைக்குள் இருந்தது. அது நான் இல்லை என்று சொல்ல வந்தேன். ஆனால் ஒரு வருஷமாக என் பக்கத்தில்கூட வராதவள் என் ஈர நெஞ்சில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள், எப்படிச் சொல்வது.

சரி, துக்கத்தில் அவளுக்கு ஏதோ தோன்றியிருக்கிறது என்றுதான் நானும் முதலில் எடுத்துக்கொண்டேன். மறுநாள் எதிர்வீட்டு முருகேசன் என்னை நிறுத்தினார்.

“நேத்து உங்க ஊட்டு வாசல்ல அழுதுட்டு நின்னீங்களேங்க. வரலாமான்னு பார்த்தேன். ஒரு வயசான அம்மா தலையத் தடவிக் குடுத்துட்டு இருந்தாங்க, சொந்தக்காரங்களாட்ட இருக்குதுன்னு விட்டுப்போட்டேனுங்க.”

ஆமாங்க, சொந்தந்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கொடியை ஜப்பானுக்கே திருப்பி அனுப்பிவிட்டோம். அந்தக் கையெழுத்துகளைப் படித்துக் குடும்பத்தைத் தேடிப்பிடித்துச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், பையனுடைய தங்கை வழியில் யாரிடமோ சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. ஸ்டெல்லாதான் அதைத் தன்னுடைய புதுச் சேலையில் சுற்றிக் கொடுத்தாள்.

இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பேரும் ஜெரின் கல்லறைக்குப் போகிறோம். போகிற வழியில் அவள் சில நாள் கேட்பாள், “அன்னிக்கு அந்தம்மா உங்ககிட்ட என்னங்க சொன்னாங்க? அதக் கேட்டப்புறம் தானே உங்களுக்கு அழுகை நின்னுச்சு.”

“ஜெரினப் பத்தித்தான்” என்பேன். அவளுக்கு அது போதும்.

அன்றைக்குக் குளியலறைக் கதவுக்கு வெளியே அழுதது என் குரல்தான், அதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. அந்த அம்மா என்ன சொல்லி ஆற்றினாள் என்பது அங்கே நின்று அழுதவனுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.